கார் ஷெட் அஸ்திவாரம்: கட்டியவர்களுக்கு இரண்டரை, சோதித்தவர்களுக்கு நாலரை

புது வீட்டை ஒட்டி எங்களுக்குக் கார் ஷெட் கட்டிக்கொடுத்த நிறுவனத்துக்கு ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் தருகிறேன். முதல் தடவை போட்ட தளத்துக்கு ஒன்று, இடித்துவிட்டுத் திரும்பப் போட்டதற்கு நாலு. கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறேன். தணிக்கை வேலை பார்க்கிறவள், வேறு மாதிரி மதிப்பெண் போடத் தெரியாது.

பேசியிருந்த வேலை இதுதான். ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் ஷெட். சுற்றிலும் புட்டிங் (பாரத்தை மண்ணில் இறக்கும் அடிக்கான்கிரீட்), அதன் மேல் பிளிந்த் பீம் (தரைமட்டத்தில் சுற்றி ஓடும் கம்பி கட்டிய உத்தரம்), நடுவே கெட்டித்த மண் நிரப்பு, அதன் மேல் 125 மி.மீ. கனத்தில் கம்பிவலை போட்ட கான்கிரீட் தளம். கலவை எம்20, அதாவது 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். ஒப்பந்தத்தில் இவ்வளவும் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். காகித வேலையில் இவர்களைக் குறை சொல்ல முடியாது, படம் முதல் கம்பிக் கணக்கு வரை எல்லாம் கையில் கொடுத்தார்கள். காகிதத்தில் இருந்தது தரையில் இல்லை என்பதுதான் என் புகார்.

முதலில் கண்ணில் பட்டது தூசி. பெருக்கப் பெருக்க சாம்பல் நிறப் பொடி வந்துகொண்டே இருந்தது. உள்ளங்கையால் தேய்த்தால் கை வெளுத்துவிடும். சாவியால் கீறினால் கோடு விழுந்தது. அடுத்து, முன்பக்க மூலையில் ஒரு விரிசல் குறுக்காக ஓடியது. கான்கிரீட்டில் விரிசலே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. காயும்போது கான்கிரீட் சுருங்கும், மயிரிழை விரிசல் வரத்தான் செய்யும், கம்பி போட்ட கான்கிரீட்டில் 0.3 மி.மீ. வரைக்கும் பொதுவாகப் பெரிதுபடுத்த மாட்டார்கள். ஆனால் ஏடிஎம் கார்டின் கனம் 0.76 மி.மீ. அது இந்த விரிசலுக்குள் தடையில்லாமல் நுழைந்தது. அதைவிட முக்கியமானது, விரிசலின் குறுக்கே நகத்தை இழுத்தால் தட்டியது. ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் பள்ளம். சுருங்கினால் வாய் பிளக்கும், அவ்வளவுதான். மேலும் கீழுமாக நின்றால் அடியில் ஏதோ இறங்குகிறது என்று அர்த்தம்.

ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தேன். வாசலை நோக்கி ஓட வேண்டியது, பின்சுவர் ஓரம் போய்த் தேங்கி நின்றது.

சைட் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்ல பையன், போன் எடுப்பான், மரியாதையாகப் பேசுவான். "மேடம், இது எல்லா இடத்திலயும் வர்ற ஹேர் கிராக்தான். சிமெண்ட் பால் ஊத்தி அடைச்சிடலாம். உங்களுக்குத் திருப்தி இல்லைன்னா மேல டைல்ஸ் ஒட்டித் தர்றோம், தெரியவே தெரியாது" என்றான். தெரியாமல் இருப்பதற்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் போனான். மேலிடத்திலிருந்து வந்த பதில் மின்னஞ்சலில், ஒப்பந்தத்தின் உத்தரவாதப் பிரிவை எடுத்து ஒட்டியிருந்தார்கள்: கட்டமைப்புக் குறைகளுக்குத்தான் பொறுப்பு, "மேற்பரப்பு விரிசல்கள்" அதில் சேராது. மேற்பரப்பு எது, கட்டமைப்பு எது என்று யார் தீர்மானிப்பது? அந்த வரி மட்டும் ஒப்பந்தத்தில் இல்லை.

இதற்கு நடுவில் எபாக்ஸிப் பசையை ஊசியால் செலுத்தி விரிசல் அடைக்கிற ஒருவரைத் தனியாக வரவழைத்தேன். அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். குனிந்து விரிசலைப் பார்த்தார், கையில் இருந்த சின்னச் சுத்தியலால் மூலையிலிருந்து நடுப்பக்கமாகத் தட்டிக்கொண்டே போனார். மூலையில் "டொம் டொம்" என்று சத்தம், நடுவில் "ணங்". "இது ஓடுற விரிசல்ங்க. எபாக்ஸி போட்டா ஒட்டிக்கும், ஆனா அடியில மண் இறங்குறது நிக்காம பக்கத்துல இன்னொண்ணு விடும். நான் காசு வாங்கிட்டுப் போயிடலாம், ஆறு மாசத்துல நீங்க என்னைத் திட்டுவீங்க" என்று சொல்லிவிட்டு வேலையை எடுக்காமலே போய்விட்டார். அசையாமல் நின்றுவிட்ட, காய்ந்த விரிசலுக்குத்தான் எபாக்ஸி. தண்ணீர் கசிகிற விரிசலுக்குப் பாலியூரித்தேன். இறங்கிக்கொண்டிருக்கிற தரைக்கு இரண்டுமே மருந்தில்லை. வேலையே செய்யாத இவருக்கு முழுசாக ஐந்து.

அடுத்ததாகக் கட்டடப் பொருள் சோதனைக் கூடம். இந்த விமரிசனத்தை எழுத உட்கார்ந்ததே இவர்களுக்காகத்தான். "அஸ்திவாரம் போச்சு" என்று நானும், "ஒண்ணும் ஆகல" என்று நிறுவனமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். இவர்கள் வந்த பிறகுதான் அஸ்திவாரம் என்பதைப் பிரித்துப் பிரித்துக் கேட்க வேண்டும் என்பது புரிந்தது. புட்டிங் எப்படி, பீம் எப்படி, நிரப்பு எப்படி, தளம் எப்படி?

ரீபவுண்ட் சுத்தியலில் ஆரம்பித்தார்கள். எர்ன்ஸ்ட் ஷ்மித் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் உருவாக்கியது, அவர் பெயராலேயே ஷ்மித் சுத்தியல் என்றும் சொல்கிறார்கள். உள்ளே ஸ்பிரிங், கான்கிரீட்டில் மோதி எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். வைக்கும் இடத்தை முதலில் கல்லால் தேய்த்துச் சுத்தம் செய்துகொண்டார்கள். தளத்தில் எண்கள் பரிதாபமாக வந்தன. உடனே எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. வந்திருந்த பொறியாளர் பெண்மணி அதை வளர விடவில்லை. "இது மேல் தோலோட கடினத்தைத்தான் சொல்லும். உங்க தளத்துல மேல் தோல் ஏற்கனவே கெட்டிருக்கு, அதனால இதை வெச்சு வலிமை இவ்வளவுன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். 25 சதவீதம் வரை மேலே கீழே போகலாமாம். நல்லது. கேட்கிறவருக்குப் பிடித்த பதிலை எழுதிக்கொடுக்கிற ஆள் இல்லை என்று அப்போதே தெரிந்தது.

பிளிந்த் பீமுக்கு மீயொலி சோதனை. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு முனையை வைத்து ஒலி கடக்கும் வேகத்தை அளப்பது. நொடிக்கு 3.5 கி.மீ.க்கு மேல் இருந்தால் நன்று, 4.5க்கு மேல் மிக நன்று, 3க்குக் கீழே போனால் சந்தேகம். எங்கள் பீம் பெரும்பாலான இடங்களில் 3.8, 4 என்று வந்தது. ஓரிடத்தில் மட்டும் சடாரென்று இறங்கியது. அங்கே புதிதாகச் சிமெண்ட் பூசின அடையாளம். உளியால் அந்தப் பூச்சைத் தட்டினால் உள்ளே தேன்கூடு: ஜல்லி தனித்தனியாகத் தெரிகிறது, நடுவில் ஓட்டை, ஒரு கம்பியின் முதுகு வெளியே. சென்ட்ரிங் பிரித்ததும் பார்த்திருக்கிறார்கள், கலவையை அதிர்த்துக் கெட்டிக்கிற வைப்ரேட்டரை ஓட்டாமல் விட்ட இடம் என்று அவர்களுக்குத் தெரியும், சொல்லாமல் பூசி மறைத்திருக்கிறார்கள். மொத்த விவகாரத்தில் எனக்கு ஆத்திரம் வந்தது இதற்குத்தான். தளம் கெட்டது அலட்சியம். இது அலட்சியமில்லை.

அப்புறம் கோர், அதாவது சோதிப்பதற்காகத் தளத்திலிருந்து துளைத்து எடுக்கிற கான்கிரீட் உருளை. வைரப் பல் வைத்த உருளையைத் தளத்தில் போல்ட் போட்டு நிறுத்தி, தண்ணீர் விட்டுக்கொண்டே துளைப்பார்கள். முன்னாடியே மீட்டர் வைத்து அடியில் கம்பி எங்கே ஓடுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார்கள், கம்பியை வெட்டிவிடக் கூடாது என்று. 20 மி.மீ. ஜல்லி போட்ட கான்கிரீட்டுக்குக் கோரின் விட்டம் அதைப்போல மூன்று மடங்காவது வேண்டும், எங்களுக்கு 75 மி.மீ. எடுத்தார்கள். வெளியே வந்த உருளையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேல் இரண்டு விரல்கடை வெறும் சிமெண்டும் மணலும்தான், கல்லே இல்லை. கல்லெல்லாம் கீழே போய் அடுக்கியிருந்தது. ஜவ்வரிசிப் பாயசம் ஆறினதும் ஜவ்வரிசி அடியில் தங்குமே, அந்த மாதிரி. நடுவே குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள். கனமும் இடத்துக்கு இடம் மாறியது, பின்பக்கம் 125 சரியாக இருந்தது, முன் மூலையில் 95தான்.

அந்த முன் மூலைத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார் பொறியாளர். தளத்தின் அடிப்பாகம் முடிகிற இடத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் இருட்டாக ஓர் இடைவெளி. ஒடித்த துடைப்பக் குச்சியை விட்டால் பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தது. நிரப்பு மண் கீழே இறங்கிவிட்டது, தளம் அந்தரத்தில் நிற்கிறது. கம்பிவலை தளத்தின் வயிற்றுப்பகுதியில்கூட இல்லை, அடியோடு அடியாக மண்ணில் பதிந்து கிடந்தது. கம்பியைத் தூக்கி நிறுத்துகிற கவர் பிளாக் என்ற சின்னக் கட்டைகளை வைக்காமல் வலையைத் தரையில் விரித்துவிட்டு, ஊற்றும்போது கொக்கியால் இழுத்து விடுவார்கள், இழுத்த வேகத்திலேயே அது திரும்பக் கீழே போய்விடும். வேலை நடக்கிற எந்த சைட்டிலும் இதைப் பார்க்கலாம்.

அறிக்கை பேசியதைவிடத் தாமதமாகத்தான் வந்தது, அரை நட்சத்திரம் அதற்காகப் பிடித்தம். மற்றபடி குறை சொல்ல இடமில்லாத அறிக்கை. மூன்று கோர்களின் சராசரி கேட்ட வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது பொதுவான விதி. எம்20 என்றால் சராசரி 17, தனியாக 15. எங்கள் தளம் சராசரியிலும் தோற்றது, ஒரு கோர் 15ஐக்கூடத் தொடவில்லை. புட்டிங் கெட்டியான இயற்கை மண்ணில் உட்கார்ந்திருக்கிறது, அசைவில்லை, சரி. பீம், தேன்கூட்டைத் தவிர, சரி. தளமும் அதன் கீழ் நிரப்பும் தேறாது, எடுத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். இதுதான் முடிவு. நான் எல்லாவற்றையும் இடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர்கள் எதையும் தொட மாட்டோம் என்றார்கள். அறிக்கை இருவரையும் வாயடைத்தது.

கான்கிரீட் ஏன் கெட்டது என்பதற்கு விடை என் கோப்பிலேயே இருந்தது. ரெடிமிக்ஸ் லாரியோடு வருகிற சீட்டு. கலவை கிளம்பிய நேரம், சிமெண்ட் எடை, தண்ணீர் அளவு எல்லாம் அதில் இருக்கும். கிளம்பும்போது கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட், 160 லிட்டர் தண்ணீர், சிமெண்டுக்குத் தண்ணீர் விகிதம் 0.5. குறையில்லை. தளத்தில் இறக்கும்போது என்ன நடந்தது என்று மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "அக்கா, கலவை கெட்டியா வந்துச்சு, கரண்டி ஓடல. அதான் லாரி டேங்க்லேர்ந்து கொஞ்சம் தண்ணி விடச் சொன்னோம்." கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. கன மீட்டருக்கு 40 லிட்டர் விட்டாலே விகிதம் 0.62ஐத் தாண்டிவிடும். தண்ணீர் ஏற ஏற வலிமை இறங்கும் என்பது 1918இலேயே டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்கர் சோதித்து எழுதிவைத்த விதி. சிமெண்ட் தனக்கு வேண்டிய தண்ணீரை எடுத்துக்கொள்ளும், மிச்சம் ஆவியாகிப் போகும், போன இடமெல்லாம் ஓட்டை. மேலே மிதந்து வந்த தண்ணீரோடு சேர்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினால் மேல் தோல் பொடியாக உதிரும். நான் பெருக்கிக்கொண்டிருந்தது அதைத்தான். கலவை நெகிழ வேண்டுமென்றால் அதற்கென்றே திரவம் இருக்கிறது, ரெடிமிக்ஸ் ஆலையிலேயே சொல்லிச் சேர்க்கலாம். தண்ணீர் இலவசம் என்பதால் எல்லாரும் தண்ணீரையே விடுகிறார்கள்.

அறிக்கையையும் சீட்டையும் தேன்கூட்டின் படங்களையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினேன், கடைசித் தவணை இந்த விஷயம் முடிந்த பிறகுதான் என்று ஒரு வரியும் சேர்த்து. அதற்கப்புறம் "மேற்பரப்பு விரிசல்" என்ற சொல் எந்தப் பதிலிலும் வரவில்லை. நிறுவனத்தின் மூத்த பொறியாளர் நேரில் வந்தார், துளைக்குள் அவரும் டார்ச் அடித்துப் பார்த்தார், தங்கள் செலவில் திரும்பப் போடுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோர் எடுத்த செலவையும் கேட்டேன், முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். இடித்த குப்பையை யார் அள்ளுவது என்பதில் மட்டும் ஒரு வாரம் இழுத்தார்கள். இவ்வளவுக்கும் ஒப்புக்கொண்டவர்கள் குப்பையில் போய் நின்றது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இரண்டாவது தடவை நடந்த வேலையை மனசாரப் பாராட்டுகிறேன். பீமை ஒட்டி முதலில் ரம்பத்தால் அறுத்துப் பிரித்துவிட்டுத்தான் பிரேக்கரை வைத்தார்கள், அதிர்ச்சி பீமுக்குப் போகக்கூடாது என்று. பழைய நிரப்பை முழுக்க அள்ளினார்கள். உள்ளே செங்கல் துண்டு, சிமெண்ட் சாக்கு, ஒரு பழைய செருப்பு. இது எப்படி இறங்காமல் இருக்கும்? புது மண்ணை 15 செ.மீ. அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் மண்ணை அதிர்த்துக் கெட்டிக்கிற பிளேட் காம்பாக்டர் இயந்திரத்தை ஓட்டினார்கள். மேலே ஜல்லி, அதன் மேல் பாலிதீன் விரிப்பு. கம்பிவலை இந்தத் தடவை கவர் பிளாக் மேல் நின்றது, நான் காலால் அழுத்திப் பார்த்தேன், உட்காரவில்லை. சுவருக்கும் பீமுக்கும் ஓரமாகத் தெர்மோகோல் பட்டை வைத்துப் பிரித்தார்கள், தளம் தன்போக்கில் சுருங்கட்டும் என்று. தேன்கூட்டை நல்ல கான்கிரீட் வருகிற வரைக்கும் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பிடிமானப் பூச்சு அடித்து, சுருங்காத மைக்ரோ கான்கிரீட்டால் நிரப்பினார்கள். சோதனைக் கூடத்தினர் திரும்ப வந்து ஒலி விட்டுப் பார்த்துச் சரி என்றார்கள்.

லாரி வந்ததும், கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்க, அதை 30 செ.மீ. உயரக் கூம்பில் மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் 25 குத்து குத்தி, கூம்பைத் தூக்கி எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தார்கள். 90 மி.மீ. இறங்கியது, கேட்டது 75க்கும் 100க்கும் நடுவில். லாரி டேங்கின் குழாய்ப் பக்கம் அந்த சைட் இன்ஜினியர் பையனே போய் நின்றுகொண்டான், யாரையும் தொட விடவில்லை. பிறகு உடைத்து வலிமை பார்க்க, க்யூப் அச்சில் கலவையை நிரப்பி ஆறு எடுத்தார்கள், மூன்று 7 நாளைக்கு, மூன்று 28 நாளைக்கு. வாசலை நோக்கி நூறுக்கு ஒன்று சரிவு, ஆறு மீட்டரில் 60 மி.மீ., நூல் கட்டி ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டே இழுத்தார்கள். மறுநாள் காலை ரம்பம் வந்தது. தளத்தை மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டராக நாலு கட்டமாக, கனத்தில் கால்வாசிக்குக் குறையாத ஆழத்துக்கு அறுத்தார்கள். சுருங்கும்போது விரிசல் விட்டாலும் அந்தக் கோட்டிலேயே விடும், நம் கண்ணுக்குத் தெரியாது. முதல் தடவை இந்தக் கோடே போடவில்லை. கேட்டதற்கு "சின்ன ஷெட்தானே மேடம்" என்றிருந்தார்கள்.

க்யூரிங், அதாவது தளத்தை ஈரமாகவே வைத்திருக்கிற விஷயத்தில் மட்டும் திரும்பவும் பழைய புத்தி. பத்து நாள் சாக்கு போட்டு நனைக்கிறோம் என்று சொல்லிவிட்டு நாலாவது நாளோடு ஆளை எடுத்துவிட்டார்கள். போன் போட்ட பிறகு ஆள் வந்தது. நாலை ஐந்தாக ஆக்க விடாதது இதுதான்.

க்யூப் முடிவு 20க்கு மேலே நன்றாகவே வந்தது. தளத்தில் இப்போது சாவியால் கீறினால் சாவிதான் தேய்கிறது. கார் உள்ளே நிற்கிறது. வாளித் தண்ணீர் வாசலுக்கு வருகிறது. அறுத்த கோடுகளில் இரண்டில் மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது, விட வேண்டிய இடத்தில்.

இந்த நிறுவனத்தை வைத்து நீங்கள் கட்டலாமா என்று கேட்டால், கட்டலாம், ஆனால் கான்கிரீட் ஊற்றுகிற அன்று உங்கள் தரப்பில் ஒருவர் லாரிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், சென்ட்ரிங் பிரிக்கிற அன்று பூசுவதற்கு முன்னால் பீமைப் போட்டோ எடுக்க வேண்டும், தவணையை 28 நாள் க்யூப் முடிவோடு கட்டிப்போட வேண்டும். இதையெல்லாம் நீங்களே பார்க்க வேண்டுமென்றால் அவர்களுக்கு எதற்கு மேற்பார்வைக் கட்டணம் என்பது நியாயமான கேள்வி, நான் அவர்களிடம் கேட்டும் இருக்கிறேன். உத்தரவாதப் பத்திரத்தில் தளத்துக்கு இன்னும் பழைய தேதிதான் இருக்கிறது. இடித்துப்போன தளத்தின் தேதி. புது தேதி போட்டு, "மேற்பரப்பு" என்றால் எத்தனை மி.மீ. என்பதையும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். "அனுப்பிட்டே இருக்கோம் மேடம்" என்கிறார்கள். கைக்கு வந்த அன்று இரண்டரையை மூன்றாக்கித் திருத்திவிடுகிறேன். கடைசித் தவணையும் அன்றைக்குத்தான்.